தாழ்ப்பாள் தீர்மானம்

மனித குலம் நீதியை நோக்கித் தட்டுத் தடுமாறி நடந்துவரும் நெடும்பயணத்தில் புதியதொரு மைல்கல் நடப்பட்டுவிட்டது என்ற இனிய செய்தியைச் சகலரும் அறிந்து மகிழ்வார்களாக. பல்கலைக்கழகத்தின் சமூக நீதித் துறையானது, மூன்றாம் மாடி வராந்தாவில், மாடிப்படிக்கும் கழிப்பறைக்கும் நடுவே அமைந்துள்ள சாமான் அறையின் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போடுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது. ஏகமனதாக என்றால், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பசி வந்துவிட்டது என்று பொருள்.

இந்தத் தீர்மானம் லேசில் வந்துவிடவில்லை. நாடுகள் எல்லைக்கோடு போட்டுக்கொள்ளக்கூட இவ்வளவு பேச்சு தேவைப்பட்டிருக்காது. தாழ்ப்பாளைக் கேட்டவள் துறையின் விரிவுரையாளர். சேர்ந்து சில வருடங்கள் ஓடிவிட்டாலும் அவளுக்கு இன்னும் 'புதுசு' என்றுதான் பெயர். அவளுக்குப் பிறகு யாரையும் வேலைக்கு எடுக்காததால், அவள் பழசாக வழியே இல்லாமல் போயிற்று.

புதுசு பிள்ளை பெற்று, விடுப்பு முடிந்து, கைக்குழந்தையை மாமியார் மடியில் விட்டுவிட்டு வேலைக்குத் திரும்பியிருந்தாள். பையில் பாடக் குறிப்புகளோடு ஒரு கைப்பம்பும் இரண்டு புட்டிகளும் இருக்கும். மதியத்துக்கு முன்னால் ஒருமுறை பாலை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் கட்டிக்கொள்ளும்; மார் கல்லாகி, சாயங்காலம் காய்ச்சல் வரும். பிள்ளைக்கு மாவுப்பால் ஒத்துக்கொள்ளவில்லை. கொடுத்துப் பார்த்ததில் உடம்பெல்லாம் தடித்துப்போயிற்று.

"பால் குறைஞ்சா வேற வழி இல்லம்மா" என்றார் மாமியார், பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே. "நீ வீட்டுலதான் உக்காரணும். நான் சொல்லலை, இவன் சொல்றான்."

"இவன் இன்னும் பேசவே ஆரம்பிக்கலையே அத்தை."

"எனக்குப் புரியுது."

ஆக, கேள்வி எளிமையானது. தாழ்ப்பாள் இருந்தால் வேலை இருக்கும். இல்லாவிட்டால் இருக்காது.

அதுவரை கழிப்பறைதான் கதி. உட்கார இடமில்லாமல், சுவரில் சாய்ந்து நின்றபடி, ஒரு கையில் பம்பும் மறுகையில் புட்டியுமாக, கதவை முழங்காலால் அடைத்துக்கொண்டு பால் எடுப்பாள். கழிப்பறைக் கதவின் கொண்டி எந்தக் காலத்திலோ விழுந்துவிட்டது. அதைப் பற்றித் துறையில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது, கொண்டி வரவில்லை. ஒருநாள் நேரம் தப்பிவிட்டது. வகுப்பில் 'வளங்களின் நியாயமான பகிர்வு' என்று அவள் பலகையில் எழுதித் திரும்பியபோது, வளம் தானாகவே பகிர்ந்துகொள்ளத் தொடங்கியிருந்தது. கோப்பு ஒன்றை மாரோடு அணைத்தபடி மீதிப் பாடத்தை நடத்தினாள். நீதி மேல் இவ்வளவு பாசம் வைத்த ஆசிரியரை அந்த மாணவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

மறுநாள்தான் தலைவரைப் பார்க்க முடிந்தது.

துறைத் தலைவர் நல்ல மனிதர். சிக்கலே அதுதான். கெட்ட மனிதராக இருந்திருந்தால் 'முடியாது' என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். அவளும் நாலு வார்த்தை திட்டிவிட்டு வேறு வழி பார்த்திருப்பாள். 'இடமும் நீதியும்: எல்லோருக்குமான வெளியை நோக்கி' என்ற தலையணை கனத்த நூலை எழுதியவர் அவர். துறையே அச்சிட்ட நூல். அதை வாங்கியவர்களைத் தலைவரால் பெயர் சொல்லி விசாரிக்க முடியும். வாங்கப்படாத பிரதிகள் கட்டுக்கட்டாகச் சாமான் அறையில் குடியிருந்தன. எல்லோருக்குமான வெளியைப் பற்றிய புத்தகம் அந்த அறையில் வேறு எவருக்கும் வெளி விடவில்லை.

தலைவரின் அறை வராந்தாவின் கோடியில் இருந்தது. மதிய உணவுக்குப் பின் உள்ளேயிருந்து 'டக்' என்று தாழ்ப்பாள் விழும். கதவில் 'சிந்தனை நேரம்' என்ற அட்டை தொங்கும். சற்று நேரத்தில் சிந்தனையின் சத்தம் சீராக வெளியே கேட்கும். துறையே குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

"சார், ஒரு சின்ன உதவி" என்றாள் புதுசு.

"உக்காருங்கம்மா. உதவிங்கற வார்த்தையே மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர்னு ஆக்கிடுது. உரிமைன்னு சொல்லுங்க."

"சரி சார். ஒரு சின்ன உரிமை."

"உரிமையில சின்னது பெரிசு உண்டா?"

புதுசு மூச்சை இழுத்து விட்டாள். "சார், பிள்ளைக்குப் பால் எடுக்கணும். கழிப்பறையில நின்னுக்கிட்டு எடுக்கறேன். அந்தச் சாமான் அறைக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுக் குடுத்தா போதும். நாற்காலி நானே கொண்டுவந்துக்கறேன்."

தலைவரின் கண்கள் உண்மையிலேயே பனித்தன. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாழ்க்கை பூரா நீதியைப் பத்தி எழுதியிருக்கேம்மா. ஒரு தடவைகூட அது என் கதவைத் தட்டினதில்லை. இன்னைக்குத்தான் தட்டியிருக்கு."

"நேத்தும் தட்டினேன் சார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தீங்க."

தலைவர் அதைக் காதில் வாங்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார். "அழுத பிள்ளைக்குத்தான் பால்னு சொல்றோம். அழாத பிள்ளைக்கு? யோசிச்சுப் பாருங்க. கேட்டவங்களுக்குக் குடுக்கறது தர்மம். கேக்காமலே கிடைக்கறதுதான் நீதி!"

"ஆனா நான் கேட்டுட்டேனே சார். அதனால தர்மமாவே குடுத்துடுங்க, பரவாயில்லை. நாளைக்குத் தச்சரை வரச்சொல்லட்டுமா?"

"தச்சரா?" தலைவர் வருத்தத்தோடு சிரித்தார். "தச்சரைக் கூப்பிட்டா தாழ்ப்பாள் வரும்மா. நீதி வருமா? குழு போடுவோம்."

போட்டார்கள்.

குழு கூடிக்கொண்டிருந்த அந்த நீண்ட காலத்தில் புதுசுவைக் காப்பாற்றியது வாளியம்மா. மாடி பெருக்கித் துடைக்கும் அந்த அம்மாள் வாளி இல்லாமல் எங்கும் போனதில்லை; வாளியை நடுவில் வைத்துவிட்டுத்தான் யாரிடமும் பேசுவாள். புதுசு கழிப்பறைக்குள் போனதும் வாசலில் வாளியைக் குறுக்கே வைத்து, அதன் பக்கத்தில் தானும் குறுக்கே நின்றுவிடுவாள். இரண்டில் எதைத் தாண்டுவது கஷ்டம் என்று சொல்ல முடியாது.

"தண்ணி ஊத்தியிருக்கு, வழுக்கும்! கீழ்மாடிக்குப் போங்க!" என்று வருகிறவர்களை விரட்டுவாள். பிறகு கதவிடுக்கு வழியாக, "ஆச்சா பாப்பா?" என்பாள்.

"இன்னும் கொஞ்சம்க்கா."

"மெதுவா எடு. பேச்சுக் குடுத்தா பால் நல்லா இறங்கும். என் மருமகன் கதையைச் சொல்றேன் கேளு."

"அக்கா, அந்தக் கதையைக் கேட்டா எனக்கு வர்றதும் நின்னுடும்."

வாளியம்மாவைத் தேவதை என்று நினைத்துவிட வேண்டாம். அவளுடைய காவலில் ஒரு தனிச் சட்டம் ஓடிக்கொண்டிருந்தது. தட்டச்சு செய்யும் பெண் அவசரமாக வந்தால் வாளியை நகர்த்துவாள். நூலகத்துப் பெண்ணையும் விடுவாள். 'நடைமுறை' வந்தால் மட்டும் வாளி நகராது.

நடைமுறை என்பது ஒரு மூத்த பேராசிரியை. எதைக் கேட்டாலும் "நடைமுறை என்ன சொல்லுது?" என்பார், ஆகவே மாணவர்கள் வைத்த பெயர். வாளியம்மாவுக்கு ஒருமுறை விடுப்புத் தேவைப்பட்டபோதும் நடைமுறை அதையேதான் கேட்டார்.

"அவங்களை ஏன்க்கா விரட்டறீங்க? பாவம், முழங்கால் வலி. கீழே போய் ஏறி வர்றாங்க."

"ஏறட்டும். அன்னைக்கு நான் லீவு கேட்டப்ப நடைமுறைன்னாங்க இல்ல? இது என் நடைமுறை."

இந்த நீதியும் ஒரு நீதிதான். ஆனால் இதன் பலன் புதுசுவின் தலையில் விடிந்தது. மூச்சு வாங்க மாடி ஏறிவந்த நடைமுறை, அந்த மூச்சோடே குழுக் கூட்டத்தில் வந்து அமர்ந்தார்.

குழுவில் தலைவர், நடைமுறை, 'சமத்துவம்' ஆகிய மூவர். சமத்துவம் நடுவயதுப் பேராசிரியர். எதையும் சரிபாதியாகப் பிரிப்பவர், தன் பாதியை முதலில் எடுத்துக்கொள்பவர். 'பாதிக்கப்பட்ட தரப்பு' என்று எழுதிய அட்டைக்குப் பின்னால் புதுசு உட்கார்ந்தாள். முதல் கூட்டம் நடந்தபோது பிள்ளைக்குத் தலை நின்றிருக்கவில்லை. அடுத்ததற்குள் நின்றுவிட்டது. தாய்ப்பால் பற்றிப் பேசக் குழுவுக்குத் தகுதி உண்டா என்று விவாதித்த நாளில் பிள்ளை குப்புற விழுந்தது. இறுதிக் கூட்டத்துக்கு அவள் வந்தபோது பிள்ளை வீட்டில் தவழ ஆரம்பித்திருந்தது. குழு இன்னும் குப்புறத்தான் கிடந்தது.

"பால் இருக்கறவங்களுக்கு ஒரு அறை" என்றார் சமத்துவம். "சரி. ஆனா பால் இல்லாதவங்களுக்கு?"

"அவங்களுக்கு எதுக்கு சார்?" என்றாள் புதுசு.

"பார்த்தீங்களா? இதைத்தான் நான் சொல்றேன். 'அவங்களுக்கு எதுக்கு'ன்னு கேக்கற இடத்துலதான் சமத்துவம் சாகுது. எனக்கு முதுகுவலி. நான் எங்கேயாவது அறை கேட்டேனா?"

"நான் இல்லாத நேரத்துல நீங்களும் வந்து படுத்துக்கோங்க சார்."

சமத்துவத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப 'பால் அறை'ன்னு பேர் வைக்கக் கூடாது. அது முதுகை ஒதுக்கிடும்." கொஞ்சம் யோசித்து, "அனைவருக்குமான ஓய்வு வெளி" என்றார். தலைவர் அதை எழுதிக்கொண்டார்.

நடைமுறை தொண்டையைச் செருமினார். "நான் ரெண்டு பிள்ளை பெத்தவ. இதே துறையில வேலை பார்த்துக்கிட்டேதான் பெத்தேன். நான் தாழ்ப்பாள் கேட்டேனா?"

"கேக்கலையா மேடம்?"

"கேட்டேன்." நடைமுறை மேசையைப் பார்த்தார். "தரலை."

புதுசுவுக்கு அவர்மேல் திடீரென்று ஒரு பிரியம் வந்தது. "அப்ப உங்களுக்குப் புரியுமே மேடம்."

"நல்லாப் புரியுது. அதனாலதான் சொல்றேன். எனக்குத் தராததை இப்ப உனக்குத் தந்தா, அது எனக்கு அநியாயம் இல்லையா? நடைமுறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

வந்த பிரியம் வந்த வழியே போயிற்று.

பிறகு புத்தகக் கட்டுகளை எங்கே வைப்பது என்ற பேச்சு எழுந்தது. தலைவரின் முகத்தில் வீட்டை விட்டு வெளியேற்றப்படுகிறவரின் சாயல் தெரிந்தது. புதுசுதான் பொறுக்காமல் சொன்னாள்: "புத்தகம் அங்கேயே இருக்கட்டும் சார். சுவரோரமா அடுக்கி, மேலே ஒரு விரிப்புப் போட்டா நான் உக்கார்ந்துக்குவேன். நாற்காலியும் வேண்டாம்."

"என் நூல் ஒரு தாயைத் தாங்கும்கறீங்க" என்றார் தலைவர் தழுதழுத்து.

"கெட்டி அட்டை சார். தாங்கும்."

எல்லாம் கூடிவந்தது. நடைமுறைகூட, 'தனக்கு முன்னர் மறுக்கப்பட்டமை குறித்த வருத்தம் பதிவு செய்யப்படுகிறது' என்று ஒரு வரி சேர்த்தால் ஒப்புக்கொள்வதாகச் சொன்னார். சேர்த்தார்கள். தலைவர் தீர்மானத்தை உரக்க வாசித்தார்: "அனைவருக்குமான ஓய்வு வெளியின் கதவில் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் அமைப்பதென்று..." நிறுத்தினார். பேனாவின் பின்பக்கத்தால் உதட்டைத் தட்டிக்கொண்டார்.

"உள்பக்கம்" என்றார். "உள்... பக்கம்."

நேரம் கடந்துகொண்டிருந்தது. மார் கனத்துக் கடுக்கத் தொடங்கியிருந்தது.

"'உள்'ளுன்னு சொன்ன உடனே 'வெளி' பிறந்துடுதும்மா. உள்ளே இருக்கறவங்க, வெளியே நிறுத்தப்பட்டவங்க. இதுவரைக்கும் நடந்த அத்தனை அநியாயமும் இந்த ஒரு கோட்டுலதான் ஆரம்பிச்சிருக்கு. சமூக நீதித் துறை போடற தீர்மானத்துலயே அந்தக் கோட்டை இழுக்கலாமா?"

"சார், இது தாழ்ப்பாள் சார்."

"நான் சொல்லலையேம்மா. நீங்க சொன்னது. உங்க ஆய்வேட்டுல 'உள்-வெளி என்னும் வன்முறை'ன்னு ஒரு அத்தியாயமே இருக்கு. நான்தானே படிச்சு ஒப்புதல் குடுத்தேன்? அருமையான அத்தியாயம். எந்தக் கதவுக்கும் உள்ளே, வெளியேன்னு ரெண்டு பக்கம் கிடையாது, அதிகாரம்தான் அப்படி ரெண்டாக்குதுன்னு எழுதியிருந்தீங்க."

எழுதித்தான் இருந்தாள். கல்யாணத்துக்கு முந்தைய ஒரு மழைக்காலத்தில், சூடான தேநீரோடு ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிய அத்தியாயம். அப்போது அவள் உடம்பிலிருந்து எதுவும் ஒழுகவில்லை. எல்லாக் கதவுகளும் அவளுக்கு ஒன்றாகவே தெரிந்தன. நுணலும் தன் வாயால் கெடும். படித்த நுணல் அடிக்குறிப்போடு கெடும்.

ஈரம் பரவத் தொடங்கியது. 'பாதிக்கப்பட்ட தரப்பு' அட்டையை எடுத்து மாரோடு பிடித்துக்கொண்டாள். சமத்துவம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நடைமுறையின் வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி உறுமியது.

"எடுத்துடுங்க சார்" என்றாள் புதுசு. "அந்த வார்த்தையை எடுத்துடுங்க. தாழ்ப்பாள் வந்தா போதும்."

ஏகமனதாக நிறைவேறியது.

திறப்பு விழாவுக்குத் தலைவர் பெரிய ஏற்பாடு செய்திருந்தார். வராந்தாவில் நாற்காலிகள், ஒலிபெருக்கி, எதிர் அறையில் தேநீரும் பிஸ்கோத்தும். சாமான் அறைக் கதவில் 'அனைவருக்குமான ஓய்வு வெளி' என்று பளிச்சென்ற பலகை. அதற்குக் கீழே, சரியாகத் தாழ்ப்பாள் இருக்கவேண்டிய உயரத்தில், ஒரு பட்டுத்துணி ஒட்டப்பட்டிருந்தது. தாழ்ப்பாளுக்கே திரை போட்டுத் திறக்கும் விழா என்பது புதுசுவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தத் திரை கதவின் எந்தப் பக்கத்தில் தொங்குகிறது என்பது புரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.

தலைவர் துணியை இழுத்தார். கைதட்டல். புத்தம் புதிய தாழ்ப்பாள், வராந்தாவைப் பார்த்துப் பளபளத்தது.

"சார்" என்றாள் புதுசு மெல்ல. "இது வெளியில இருக்கு."

"எல்லாரும் பார்க்கறா மாதிரி இருக்கும்மா" என்றார் தலைவர் பெருமிதத்தோடு. "வெளிப்படைத்தன்மை!"

புதுசு திரும்பி வாளியம்மாவைப் பார்த்தாள். வாளியம்மா அவள் காதோடு சொன்னாள்: "தச்சர் நல்லாத்தான் கேட்டாரு பாப்பா, எந்தப் பக்கம் போடறதுன்னு. நீ வகுப்புல இருந்தே. நடைமுறையம்மாதான் காகிதத்தைக் காட்டி, இதுல எழுதியிருக்கறபடி போடுன்னாங்க. அதுல பக்கமே இல்லையாமே? அவரு எட்டிப் பார்த்தாரு. புத்தகக் கட்டு, உடைஞ்ச நாற்காலி. சாமான் ரூம்தானேன்னு வழக்கம்போலப் போட்டுட்டுப் போயிட்டாரு. அவரைக் குத்தம் சொல்லாதே. சாமானுக்கு உள்ளேயிருந்தா தாழ்ப்பாள் போடுவாங்க?"

தலைவர் பேச ஆரம்பித்திருந்தார். தன் நூலின் முன்னுரையில் தொடங்கி முடிவுரை வரை வந்தார். பால் எடுக்கும் நேரம் வந்தது, நின்றது, போயிற்று. புதுசுவுக்கு வலி தோள்வரை ஏறியது. பையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். காலையில் பிள்ளைக்கு வைத்துவிட்டு வந்த புட்டி இந்நேரம் காலியாகியிருக்கும்.

"...ஆகவே நண்பர்களே, நீதி என்பது மற்றவரின் இடத்தில் நாம் நின்று பார்ப்பது. வெறும் பேச்சு போதாது. இதோ, இந்தக் கணம், ஒரு தாயின் இடத்தில் நான் நிற்கப்போகிறேன்!"

அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

கூட்டம் மரியாதையோடு காத்தது. தாயின் இடத்தில் நிற்க எவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. சமத்துவம்தான் முதலில் நகர்ந்து, தன் பங்கு பிஸ்கோத்தை எடுத்துக்கொண்டார். அவர் பின்னால் நடைமுறை. நடைமுறைக்குப் பின்னால் எல்லோரும். எதிர் அறையின் கதவு மூடியது. வராந்தாவில் பேச்சுச் சத்தம் அடங்கியது.

வாளியம்மா நாற்காலிகளை ஒதுக்கிக்கொண்டே வந்தாள். தலைவர் உள்ளே போனபோது அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். சாமான் அறைக் கதவு வெறுமனே சாத்தியிருப்பதைப் பார்த்து, "திறந்து போட்டா எலி வரும்" என்று சொல்லிக்கொண்டே புதுத் தாழ்ப்பாளை 'டக்'கென்று தள்ளிவிட்டு, வாளியோடு மாடிப்படி இறங்கிவிட்டாள். நல்ல தாழ்ப்பாள். வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது.

புதுசு பார்த்துக்கொண்டுதான் நின்றாள். வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

உள்ளேயிருந்து கதவு மெல்ல அசைந்தது. பிறகு கொஞ்சம் பலமாக.

"யாரு அங்கே?"

"நான்தான் சார்."

"அம்மா, கதவு திறக்க மாட்டேங்குது."

"தாழ்ப்பாள் போட்டிருக்கு சார்."

"நான் போடலையே?"

"உள்ளேயிருந்து போட முடியாது சார். எப்படி இருக்கு சார் தாயோட இடம்?"

உள்ளே ஏதோ சரிந்து விழும் சத்தம். ஒரு கட்டு 'இடமும் நீதியும்' என்று கனத்தை வைத்துச் சொல்ல முடிந்தது. "இடம்... இருக்கும்மா. கொஞ்சம் இருட்டா இருக்கு. கால் மேல புத்தகம் விழுந்துடுச்சு. கொஞ்சம் திறங்களேன்."

"திறக்கலாம் சார். ஆனா வெளியில இருக்கற தாழ்ப்பாளை எடுக்கணும்."

"எடுங்களேன்."

"வெளியேன்னு ஒண்ணு கிடையாதுன்னு தீர்மானம் போட்டிருக்கோமே சார். குழுவைக் கூட்டட்டுமா?"

தலைவர் தன் அத்தனை நூல்களுக்கும் மத்தியில் நின்று கதவை இன்னொரு முறை தள்ளிப் பார்த்தார்.

"அம்மா" என்றது குரல், இந்தமுறை மிகச் சின்னதாக. "அது உள்பக்கம் இருந்திருக்கலாமோ?"

புதுசுவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் மார் வலித்தது. பாவம், நல்ல மனிதர். திறந்துவிடத்தான் போகிறாள். கையும் தாழ்ப்பாள்வரை போய்விட்டது. அப்போதுதான் அவள் பார்வை வராந்தாவின் கோடிக்குப் போயிற்று. அங்கே ஓர் அறை ஆளில்லாமல் பாதி திறந்து கிடந்தது. உள்ளே சாய்வு நாற்காலி, மேலே சுழலும் மின்விசிறி, மேசைமேல் மூடிவைத்த தண்ணீர்க் குவளை. அவ்வளவு காலமும் அதைப் பார்த்துக்கொண்டேதான் கழிப்பறைக்குப் போய் வந்திருக்கிறாள். குழுவில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. அவளுக்கும் வரவில்லை, அவளும் அந்தத் துறையில்தானே படித்தாள்.

"ஒரு பத்து நிமிஷம் சார்" என்றாள். "பிள்ளைக்குப் பால் எடுத்துட்டு வந்து திறக்கறேன்."

"எங்கேம்மா எடுப்பீங்க? அறையிலதான் நான் இருக்கேனே?"

"ஆமா சார். அதனாலதான் இன்னொண்ணு காலியா இருக்கு."

பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். கதவில் ஆணியோடு தொங்கிய 'சிந்தனை நேரம்' அட்டையை வராந்தாப் பக்கம் திருப்பிவைத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தலைவர் அறையின் தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது. எண்ணெய்கூடப் போட்டிருந்தார்கள்.